ஆறுமணிக் குருவி இருந்த இடம்

நம் தொழிலில் ஒரு பொய் இருக்கிறது. கண்ணாடி உடைந்துவிட்டது என்று நாம் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். தச்சன் கதவு உடைந்துவிட்டது என்றால் சிரிப்பார்கள். தையற்காரர் துணி கிழிந்துவிட்டது என்றால் சண்டைக்கு வருவார்கள். கண்ணாடி உடைவது மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்த நியாயம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன சாமிப் படத்துக்குச் சட்டம் போட மறந்திருப்போம். ஆள் வந்து நிற்பார். "வெட்டும்போது ஒடஞ்சிருச்சுங்க, திங்கக்கெழம வாங்க" என்போம். அவரும் "அடடா" என்று நமக்காக வருத்தப்பட்டுப் போவார். சேர்ந்த முதல் மாதத்திலேயே நீங்களும் இதைக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண் மங்கி நான் பட்டறையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். வண்ணக் கண்ணாடியை எப்படி வெட்டுவது, ஈயப் பட்டையை எப்படி வளைப்பது என்பதையெல்லாம் இப்போது உங்கள் கைப்பேசியிலேயே காட்டுகிறார்கள். என்னைவிட நன்றாகவே காட்டுகிறார்கள். ஆகவே அந்தப் பொய்யை நான் கடைசியாகச் சொன்ன நாளைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் அதன் மேல் பிரிவில் மலை சரிந்து தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயத்தின் ஆறு காம்பிராக்களை, ஆறு வீடுகளை, மூடிவிட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னமே நடந்தது. ஆட்கள் வேலை முடிந்து வந்து, விறகு வைத்து, அடுப்பு மூட்டியிருந்த நேரம். நான்கு நாள் தோண்டினார்கள். ஒன்பதாவது உடல் கிடைத்ததும் தோண்டுவதை நிறுத்தினார்கள். அந்த ஆறு காம்பிராக்களுக்கும் தோட்டத்துப் பதிவேட்டில் இருந்த ஆட்களில் காணாமல் போனவர்கள் ஒன்பது பேர். கணக்குச் சரியாக இருந்தது.

பிறகு கீழ்ப்பக்கம் சமதரையாக ஓர் இடம் பார்த்து வீடுகள் கட்டினார்கள். கல்யாணம், கருமாதி, கூட்டம் எல்லாவற்றுக்குமாக ஒரு சிறிய மண்டபமும் எழும்பியது. இந்தத் தோட்டத்துத் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு உதவினார்கள். மண்டபத்தின் கிழக்குச் சுவரில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைக்க வேண்டும், இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பறவை அதில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். ஹட்டன் பக்கத்தில் அந்த வேலை தெரிந்தது நம் பட்டறைக்குத்தான். பழைய துரை பங்களாக்கள் எல்லாம் ஹோட்டலாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. உடைந்த பழைய ஜன்னல்களைச் சரிசெய்து சரிசெய்தே நாங்கள் அதைக் கற்றிருந்தோம். நான் வரைந்து வெட்டுவேன். இன்னொருவர் ஈயம் பூட்டி ஒட்டுவார். அவருடைய பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். ஈயக்காரர் என்றே சொல்கிறேன்.

தோட்ட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. அதோடு ஒன்பது பெயர்கள் தட்டச்சு செய்த ஒரு தாள்.

அளவெடுக்கப் போன அன்று லேசான தூறல். மண்டபத்துக்கு இன்னும் கதவுகூடப் போடவில்லை. நான் அளந்துகொண்டிருக்கும்போது ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எந்தப் பறவை என்று நானே முடிவு செய்வதைவிட அவர்களிடம் கேட்டால் என்ன என்று தோன்றியது. கேட்டேன். என் வேலை வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று இப்போதும் நினைக்கிறேன். அதனால் வந்த கேடும் எனக்குத் தெரியும்.

ஒரு தகப்பன், தன் மகன் வாய் ஓயாமல் பேசுவான், மைனா போடுங்கள் என்றார். ஒரு பெரிய கங்காணியின் பேரப்பிள்ளைகள் காட்டுச்சேவல் வேண்டும் என்று தங்களுக்குள் சண்டை போட்டு முடிவு செய்தார்கள். மனைவியை இழந்த ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, எதையாவது போடுங்கள், ஆனால் கூண்டில் வளர்க்கிற பறவையாக இருக்க வேண்டாம் என்றார். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஒன்பதும் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் பாக்கியம். அவருடைய கணவரும் கடைசி மகனும் அந்த ஒன்பதில் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு புறாக்களை ஏற்கெனவே சொல்லியிருந்தார். இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

"எம் மக பேரு லிஸ்ட்ல இல்லண்ணே. ஆனா அவ இங்கதான் இருக்கா" என்று மேல்மலையைக் காட்டினார்.

மகள் பெயர் தர்ஷினி. பத்தொன்பது வயது. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். மலை சரிந்த அன்று பாக்கியம் காய்ச்சலோடு டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதனால்தான் உயிரோடு இருக்கிறார். அம்மாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்ட மகள், வேலை வீட்டில் முறையாகச் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள். பின்னேரம் ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவுக்குக் கைப்பேசியில் பேசினாள். வட்டவளை தாண்டிவிட்டேன், முதலில் வீட்டுக்குப் போய் தம்பிக்குச் சமைத்து வைத்துவிட்டு நாளைக் காலையில் வருகிறேன் என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அவள் வந்து சேர்ந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. பதிவேட்டில் அவள் கொழும்பில் இருப்பதாக இருந்தது. கொழும்பு வீட்டுக்காரர்களோ சொல்லாமல் ஓடிப்போய்விட்டாள் என்றார்கள். அந்தச் சொல் போதாதா? யாரோடோ போயிருப்பாள், ஒரு நாள் பிள்ளையோடு வருவாள் பார் என்று தோட்டத்திலேயே பேசிக்கொண்டார்கள். உடல் இல்லாமல் மரணப் பதிவு கிடையாது. பாக்கியம் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"ஒன்னு போட்டுருங்கண்ணே. பேரெல்லாம் எழுத வேணாம். குருவி மட்டும் இருந்தா போதும். எண்ணிப் பாக்கிறவங்க பத்துன்னு எண்ணட்டும்."

நான், போட்டுவிடுவோம் தங்கச்சி என்றேன். யோசிக்கவே இல்லை. கடிதத்தில் ஒன்பது என்று இருந்தது. கொடுப்பதற்கு என்னிடம் உரிமை இல்லாத ஒன்றை அந்தத் தூறலில் நின்றுகொண்டு தாராளமாகக் கொடுத்தேன். தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர் மறுத்திருந்தால், முடியாது என்று அன்றைக்கே அந்தத் தாயிடம் சொல்லியிருக்கலாம். இரக்கம் வரும்போது வாய் முந்திக்கொள்கிறது, பிள்ளைகளே. அப்படிக் கொடுத்த வாக்கைத்தான் நாம் முதலில் கைவிடுகிறோம்.

என்ன பறவை என்று கேட்டேன். ஆறுமணிக் குருவி என்றார். ஐப்பசி மழைக்கு இந்தியாவிலிருந்து வந்து, நம் புதர்களில் இருந்துவிட்டு, வெயில் ஏறியதும் திரும்பிப் போகும் சின்னப் பறவை. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூப்பிடும். "இவளும் தீபாவளிக்கு வருவா, நாலு நாள் இருப்பா, போயிருவா" என்றார்.

ஆறு வாரம் வேலை செய்தோம். கீழே தேயிலை மலை, மேலே வெளுத்த வானம், நடுவே பறவைகள். ஆறுமணிக் குருவிதான் என்னை அதிகம் படுத்தியது. உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பில் பச்சை, நீலம், மஞ்சள், வாலடியில் சிவப்பு. நுவரெலியாப் பூங்காவுக்குப் போய் இரண்டு காலை உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு வந்தேன். செய்து முடித்தபோது பத்துப் பறவைகளிலும் அதுதான் உயிரோடு இருந்தது. அந்த வேலையைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது, அதை மறைக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஜன்னலைக் கொண்டுபோய்ப் பொருத்தினோம். ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்களுடையதைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டது. மைனா கேட்ட தகப்பன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாக்கியம் கிட்டே வரவில்லை. வாசலிலிருந்தே பார்த்தார். வலது கோடியில் கீழே, புதர் ஓரத்தில், தலையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குருவி நின்றது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் பகல் இரண்டு மணிக்குத் துரை வந்தார். ஆள் சின்ன வயது, முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மண் சரிந்த அன்று இரவெல்லாம் சேற்றில் நின்று தோண்டிய ஆட்களோடு அவரும் நின்றார் என்று கேள்வி. ஜன்னலைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு விரலை நீட்டி எண்ணினார். ஒரு முறை எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார்.

"லிஸ்ட்ல ஒம்பது. இதுல பத்து. யார் சொன்னது, பாஸ்?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கோபம் அல்ல, பயம். சிங்களத்தில் வேகமாகப் பேசினார். ஒன்பது பேர் என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒன்பதோடு தோண்டுவதை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். நாளைக்குக் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். பத்தாவது பறவை யாருக்கு என்று ஒருவர் கேட்டால் போதும். அப்படியானால் மலைக்குள் இன்னும் ஓர் ஆளை விட்டுவிட்டா மண்டபம் கட்டினீர்கள் என்று கேட்பார்கள். அந்தப் பெண் வந்தாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றை நான் சுவரில் வைக்க முடியாது என்றார். விடிவதற்குள் அது இருக்கக் கூடாது. இல்லையென்றால் ஜன்னலையே பலகை வைத்து மூடிவிடுவேன் என்றார்.

அவர் போனதும் நானும் ஈயக்காரரும் மட்டும் நின்றோம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு மத்தியானம் வரும். என் தலையில் அப்போது ஓடியவை இவை. அதே கம்பெனியின் இரண்டு பங்களா வேலைகள் எங்களுக்குப் பேசியிருந்தன. நாலு குடும்பம் அதை நம்பியிருந்தது. மூடிவிட்டால் மற்ற ஒன்பது பேரின் பறவையும் போய்விடும். குருவியில் பெயர் எழுதியிருக்கவில்லை. பிறகு ஒரு நாள், இந்தத் துரை மாற்றலாகிப் போனதும், திரும்ப வைத்துவிடலாம். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேட்க வேண்டிய ஆள் நூறு அடி தள்ளி மூன்றாவது வீட்டில் இருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். துரை இப்படிச் சொல்கிறார், தங்கச்சி, நான் என்ன செய்ய என்று கேட்டிருக்கலாம். எடுத்துவிடுங்கள் என்று அவரே சொல்லியிருப்பார். அல்லது தோட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். இரண்டில் எதுவானாலும் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. மற்ற நியாயங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

நான் கருவிப் பெட்டியைத் திறந்தேன். ஈயக்காரர் தொடவில்லை.

"எடுக்கணும்னா அவரே வந்து எடுக்கட்டும். சுத்தியல் வேணா நான் குடுக்கிறேன்" என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக இருந்தது. குடும்பம் அவருக்கும் இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் தொழில் தெரிந்தவன் பேச்சு. யாரோ தன் கையால் செய்யப் பயப்படுகிற காரியத்துக்கு நம் கையைக் கேட்கும்போது, அவர்கள் கேட்பது நம் திறமையை அல்ல. துரை கையில் சுத்தியலைக் கொடுத்திருந்தால் அவர் உடைத்திருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நானே எடுத்தேன். வலது கீழ்ப் பலகத்தைக் கழற்றி, குருவியைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தேன். அந்த இடத்தை எதைக் கொண்டாவது அடைக்க வேண்டும். பச்சைக் கண்ணாடி மிச்சம் இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் வெட்டி வைத்தேன். ஈயம் ஒட்டுவது என் வேலை இல்லை. ஓரமெல்லாம் மேடும் பள்ளமுமாக வந்தது. இருட்டுவதற்குள் முடித்துவிட்டேன். துரை வந்து பார்த்தார். முதலில் இருந்ததைவிட இதுதான் அழகு, தேயிலை தெரிகிறது என்றார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் என்னால் மறக்க முடியாமல் இருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பாக்கியம் வந்தார். வெளுத்த சேலை, ஈரம் காயாத தலை. கையில் ஒரு சின்னச் செம்பருத்திப் பூ. மண்டபத்தில் நாற்காலி போடுகிறவர்கள் இருந்தார்கள். அவர் நேரே ஜன்னலிடம் போய்க் குனிந்தார். குனிந்தபடியே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட உண்மை வந்திருக்குமோ என்னவோ.

"நேத்து இறுக்கிப் பூட்டும்போது ஒடஞ்சிருச்சு தங்கச்சி" என்றேன்.

முப்பத்தெட்டு வருடப் பழக்கம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அவர் உடனே என் கைகளைப் பார்த்தார். "ஒங்க கையில வெட்டு ஒன்னும் படலியேண்ணே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் மறுபடி அந்த இலைகளைப் பார்த்தார். "கண்ணாடியாக்கூட வந்து நிக்க மாட்டேங்கிறா" என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. பூவைக் கணவருக்கும் மகனுக்கும் இருந்த புறாக்களுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். துரை பேசினார். ஒன்பது உயிர்கள், ஒன்பது பறவைகள் என்றார். கை தட்டினார்கள். எனக்கு ஒரு மாலை போட்டார்கள். நான் போட்டுக்கொண்டேன்.

பிறகு இரண்டு பங்களா வேலைகளும் வந்தன. நன்றாகவே முடித்துக் கொடுத்தோம். ஈயக்காரர் என்னோடு வேலை செய்தார், தேநீர் குடித்தார், அந்த மண்டபத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அந்தத் தோட்டத்துச் சங்கத் தலைவர் தன் வீட்டு அலமாரிக்குக் கண்ணாடி வெட்ட வந்தார். பாக்கியம் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பிரதேச செயலகத்துக்குப் போவதையே விட்டுவிட்டார் என்றார். நாங்கள் கூட்டிப்போகிறோம் என்றால்கூட வருவதில்லையாம். மகள் யாரோடோ போயிருப்பாள், அவள் செத்ததற்கு நான் ஏன் காகிதம் கேட்க வேண்டும் என்று இப்போது அவரே சொல்கிறாராம். சுவரில் இருந்த மகள் படத்தையும் எடுத்துவிட்டாராம். என்ன ஆனதென்று தெரியவில்லை, ஏதோ கண்ணாடி உடைந்தது சகுனம் என்கிறார் என்று தலைவர் சொல்லிக்கொண்டே போனார்.

நான் அலமாரிக் கண்ணாடியை வெட்டி முடித்தேன். கோடு நேராகத்தான் விழுந்தது.

அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். அரை மணி நேரப் பயணம். நாளை போகலாம் என்றிருந்தேன். ஞாயிறு போகலாம் என்றிருந்தேன். ஒரு பொய்யைச் சொன்ன அன்று திருத்த ஒரு சொல் போதும். ஒரு வருடம் கழித்தால் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பதற்கும் பதில் வேண்டியிருக்கிறது. அந்தப் பதில் என்னிடம் இல்லை. ஆகவே இன்னும் ஒன்றரை வருடம் போயிற்று.

கடைசியில் உண்மை தானாகவே பட்டறை வாசலுக்கு வந்தது. பொகவந்தலாவைப் பக்கம் ஓடும் தனியார் பஸ் ஒன்றின் பக்கக் கண்ணாடி உடைந்து, அளவோடு நடத்துனர் வந்திருந்தார். வெட்டி முடியும்வரை சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மண்டபத்து ஜன்னலின் படமும் ஒன்று. எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன்.

மலை சரிந்த அன்று அந்தத் தோட்டத்துச் சந்தியில் கடைசியாக ஒரு பெண் பிள்ளையை இறக்கிவிட்டது நான்தான் என்றார். கொட்டும் மழை, ஆறு மணி இருக்கும். பையின் வார் கதவில் மாட்டிக்கொண்டது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இந்த மழையில் தனியாக எப்படிப் போவாய் என்று கேட்டதற்கு, அம்மா ஆஸ்பத்திரியில், தம்பி பசியோடு இருப்பான் என்று சொல்லி மேட்டில் ஏறிப் போனாள். மறுநாள் செய்தியில் ஒன்பது பேர் என்றார்கள், அதில் அவளும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன் என்றார். இவரை யாரும் தேடவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஒன்பது என்ற எண் எல்லோருக்கும் போதுமாக இருந்தது.

அவரை நான் விடவில்லை. நல்ல மனிதர், இழுத்த இடத்துக்கெல்லாம் வந்தார். கிராம சேவகர் விசாரித்தார். பொலிஸில் வாக்குமூலம் எழுதினார்கள். நடத்துனர் சத்தியம் செய்து சத்தியக் கடதாசியும் கொடுத்தார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மாதம் என்று எட்டு மாதம் ஆயிற்று. சங்கத் தலைவர்தான் பாக்கியத்திடம் போய்ச் சொல்லி, கையெழுத்துக்குக் கூட்டி வந்தார். நான் வெளியே நின்றுகொண்டேன். கடைசியில் தர்ஷினியின் மரண அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தது.

அதற்கு அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். மகள் படம் மறுபடி சுவரில் இருந்தது. நீங்கள் இல்லையென்றால் என் பிள்ளை அநாதையாகப் போயிருப்பாள், சாமி மாதிரி வந்தீர்கள் என்றார். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பேசாமல் குடித்துவிட்டு வந்திருக்கலாம். என்னை வாழ்நாள் முழுக்கக் கும்பிட்டிருப்பார். அந்தக் கும்பிடு எனக்குத் தாங்கவில்லை. இதைப் பெரிய நேர்மை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நெருப்பைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாமல் கீழே போட்டேன், அவ்வளவுதான்.

"தங்கச்சி, அன்னைக்கு அந்தக் குருவி ஒடயல. நான்தான் எடுத்தேன். தொரை எடுக்கச் சொன்னாரு."

அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். எரிந்துகொண்டிருந்த விறகை உள்ளே தள்ளினார்.

"எடுத்ததுக்கு எனக்குக் கோவம் இல்லண்ணே" என்றார். "தொரை சொன்னா நாங்களும்தான் செய்றோம். ஒடஞ்சிருச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஊரே அவ எவங்கூடவோ போயிட்டான்னு சொல்லுச்சு. நான் நம்பல. நீங்க ஒடஞ்சிருச்சுன்னு சொன்ன அன்னைக்குத்தான் நம்புனேன். அப்பன் தம்பியோட சேந்து நிக்க அவளுக்கு இஷ்டமில்ல போலன்னு நெனச்சேன். மூணு வருசமா அவள வாய்க்கு வந்தபடி வஞ்சேன். திதிக்கு அவ பேரச் சொல்ல விடல." அவர் அழவில்லை. "அந்த மழையில அவ என் வீட்டுக்குத்தான் ஏறி வந்திருக்கா."

துரை மாறிவிட்டார், புதியவரிடம் பேசிவிட்டேன், குருவியைத் திரும்ப வைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அதைச் சொல்லத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"வேணாம். அவ வந்ததுக்குக் காயிதம் இருக்கு. நான் வஞ்சதுக்கு நீங்க எதக் கொண்டாந்து வைப்பீங்க?"

பிறகு எழுந்து என் கோப்பையை எடுத்துக் கழுவினார். கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நோர்வூட் பஸ்ஸு அஞ்சு மணிக்கு. அத விட்டா இல்ல. கெளம்புங்கண்ணே."

அப்போதும் அண்ணே என்றுதான் சொன்னார். நான் கிளம்பினேன்.